ஒரே 5 கிலோவாட், இரண்டு விலை: எதை எடுப்பது?

வீட்டுக் கூரையில் சோலார் போட இரண்டு விற்பனையாளர்கள் ஒரே 5 கிலோவாட்டுக்கு வெவ்வேறு விலை சொன்னால், மொத்த விலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு விலையையும் அந்தந்தப் பேனல்களின் மொத்த வாட்டால் வகுத்து, ஒரு வாட்டுக்கு என்ன விலை என்று பாருங்கள். இரண்டிலும் "5 கிலோவாட்" என்று போட்டும் விலை அதிகம் விலகுகிறது என்றால், ஒருவர் பேனலின் அளவையும் மற்றவர் இன்வெர்ட்டரின் (பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) அளவையும் சொல்லியிருக்கலாம்.

சரிபார்ப்பது சுலபம். பேனல் எண்ணிக்கையை ஒரு பேனலின் வாட்டால் பெருக்குங்கள். 540 வாட் பேனல் 10 என்றால் 5.4 கிலோவாட், 8 என்றால் 4.32 தான். பேனல் மாடல் எண்ணே எழுதாமல் "உயர்தர பேனல்" என்று மட்டும் இருந்தால், எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அப்படியே இரண்டு பேரிடமும் கேளுங்கள்:

1. ஆண்டுக்கு எத்தனை யூனிட் வரும்? உங்கள் கூரையின் திசை, சாய்வு, நிழல் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டதா? கூரையைப் பார்க்காமலே சொன்ன எண்ணை நம்பாதீர்கள்.
2. ஸ்டாண்ட், எர்த்திங், மின்னல் தடுப்பு, மீட்டர் வேலை எல்லாம் விலைக்குள் அடக்கமா?
3. 25 வருட வாரண்டி என்பது பெரும்பாலும் பேனலின் மின் உற்பத்தித் திறனுக்கான உத்தரவாதம். பேனலே பழுதானால் எத்தனை வருடம்? இன்வெர்ட்டருக்கு?

ஒன்று மட்டும்: பேனலைவிட இன்வெர்ட்டர் கொஞ்சம் சிறியதாக இருந்தால் அதை ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். பேனல் முழுத் திறனில் ஓடுவது அபூர்வம் என்பதால் வேண்டுமென்றே அப்படி வைப்பதுண்டு. பேனலே குறைவாக இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.