ரெபெக்காவை விட்டுவிட்டு எப்படி எழுதுவது?

அன்புள்ள ஐயா,

மைக்கேல் மதுசூதன் தத்தர் பற்றிய உங்கள் கட்டுரையில், அவர் சென்னையில் விட்டுச்சென்ற மனைவியைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தீர்கள். வங்கக் கவிதையின் போக்கையே மாற்றியவர் அவர். நூற்றைம்பது வருடம் கழித்து அவரைக் கூண்டில் ஏற்ற வேண்டுமா? குடும்பம் அவருடைய சொந்த விஷயமில்லையா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இந்திரஜித்தின் சாவைப் பாடி, இராவணனோடு சேர்ந்து நம்மையும் அழவைத்தவர் தத்தர். அந்தக் காவியத்தின் மேல் எனக்கிருக்கும் மதிப்பு குந்துமணியளவும் குறையவில்லை. ஆனாலும் ரெபெக்காவை விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1848இல் பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்தவருக்குக் கறுப்பர் நகரத்தில் (இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதி) அநாதைப் பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அநாதை விடுதியில் வளர்ந்த பெண் ரெபெக்கா. அந்த வருடம் ஜூலையிலேயே கல்யாணம். பெண்ணின் பக்கத்தில் கடும் எதிர்ப்பு, படாத பாடு பட்டுத்தான் மணந்தேன் என்று கல்கத்தா நண்பருக்கு அவரே பெருமையாக எழுதினார். நான்கு குழந்தைகள் பிறந்தன. அப்பா இறந்ததும் 1856இல் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். குடும்பத்திடம் திரும்பவே இல்லை. சென்னையில் பழகிய ஹென்றியட்டா 1858இல் அங்கே போய் அவரோடு சேர்ந்துகொண்டார்.

சொந்த விஷயம் என்கிறீர்கள். அவர் சட்டம் படித்தவர் அம்மா. லண்டனில் கிரேஸ் இன் என்ற வழக்கறிஞர் கழகத்தில் 1866இல் பாரிஸ்டர் பட்டம் பெற்று, கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்தவர். 1869இல் கிறிஸ்தவர்களுக்கான இந்திய விவாகரத்துச் சட்டம் வந்தது. அன்றைய அந்தச் சட்டத்தில் மனைவி தவறினாள் என்பது மட்டுமே கணவனுக்குப் போதுமானதாக இருந்தது. மனைவி கேட்டாலோ, கணவன் வேறொருத்தியோடு வாழ்கிறான் என்பது மட்டும் போதவில்லை. கூடவே கொடுமை அல்லது இரண்டு வருடம் கைவிட்டுப் போனது என்று இன்னொரு குற்றத்தையும் காட்ட வேண்டியிருந்தது. ரெபெக்காவிடம் அந்த இரண்டாவது காரணமும் இருந்தது. ஆனால் வக்கீலுக்குப் பணம்? விவாகரத்து நடக்கவே இல்லை. அதனால் ஹென்றியட்டாவுக்கும் சட்டப்படி மனைவி என்ற இடம் கிடைக்கவில்லை.

ஹென்றியட்டாவை நான் குறை சொல்ல மாட்டேன். 1864இல் பிரான்சின் வெர்சாயில் கடனில் மூழ்கிக் கிடந்த நாட்களில் ஒரு காலை, பிள்ளைகள் சந்தைக்குப் போகக் கேட்கிறார்கள், கையில் மூன்றே பிராங்க் இருக்கிறது என்று அழுதார். ஒரு மணி நேரத்தில் வங்கச் சீர்திருத்தவாதி ஈஸ்வர சந்திர வித்யாசாகர் அனுப்பிய ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வந்து சேர்ந்தது. தத்தர் நன்றி பொங்க எழுதிய கடிதத்தில் இருக்கிறது இந்தக் காட்சி. படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அதே வருடம் சென்னையில் ரெபெக்காவின் பிள்ளைகள் என்ன கேட்டார்கள், அவர் கையில் எவ்வளவு இருந்தது? அவருக்குப் பணம் அனுப்ப எந்த வித்யாசாகரும் இல்லை.

கல்கத்தாவிலும் வருமானத்தை மீறிய செலவு, கடன். 1873 ஜூன் 26இல் ஹென்றியட்டா இறந்தார், 29இல் தத்தர். கல்கத்தா கல்லறைத் தோட்டத்தில் இருவரும் அருகருகே இருக்கிறார்கள். வழிப்போக்கனை நிற்கச் சொல்லும் அவருடைய கவிதை அங்கே கல்லில் இருக்கிறது. பிறந்த ஊர், ஊரையொட்டி ஓடும் ஆறு, அப்பா, அம்மா, எல்லார் பெயரும் அதில் உண்டு.

ரெபெக்கா அதன் பிறகு பத்தொன்பது வருடம் இருந்தார். 1892இல், சென்னையிலேயே காலமானார்.