கல்யாணம் ஆகாத தங்கச்சிகளின் கருத்தடைக் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்து, பிறகு கிளினிக்கில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை செய்தவள் நான். வந்த கேள்விகளுக்குப் பெயர் போடாமல் பதில் சொல்கிறேன்.

அக்கா, நேற்று ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. பப்பாளிக்காயும் அன்னாசியும் சாப்பிட்டால் போதுமா?

போதாது தங்கச்சி, அதை நம்பி ஒரு நாளைக்கூட வீணாக்காதே. இப்போதே பார்மசிக்குப் போய் மருந்தாளரிடம் அவசரக் கருத்தடை மாத்திரை கேள். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. டாக்டர் சீட்டு தேவையில்லை. போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டிவரும். இது கருவைக் கலைக்காது, முட்டை வெளியாவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள், மாத்திரையின் வேலையை அது குறைத்துவிடும். அப்புறம், மூன்று வாரம் கழித்து, கர்ப்பமா என்று ஒரு முறை சோதித்துப் பார்த்துவிடு.

எங்கள் பார்மசிக்காரருக்கு அப்பாவைத் தெரியும். எப்படிப் போவது?

பஸ் ஏறி ஈப்போவுக்குப் போ, அதில் தப்பே இல்லை. ஒரு பெண் மருந்தின் பெயரைத் துண்டுத்தாளில் எழுதி, போன் உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, எல்லாரும் போகும்வரை எடை மெஷின் பக்கத்திலேயே நின்றாள். அவள் மூன்றாம் நாள்தான் வந்தாள், அந்தத் தயக்கத்தில் போன இரண்டு நாள் எனக்கு இன்னும் மனசை அறுக்கிறது. உனக்கு அப்படி ஆகக் கூடாது.

தினசரி மாத்திரை சாப்பிட்டால் பின்னால் பிள்ளை தங்காதாமே?

பொய். நிறுத்தினால் கரு தரிக்கும் சக்தி திரும்பிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் கருத்தடை ஊசிக்குத்தான் சில பேருக்குத் தாமதமாகும், ஒரு வருஷம்கூட ஆகலாம். ஆனால் கண்ணில் மின்னல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்களும், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டேன்!

ஒன்றுதானே, ஞாபகம் வந்ததும் போடு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடு. சில நேரம் ஒரே நாளில் இரண்டாகும், பரவாயில்லை.

மாத்திரை சாப்பிடுகிறேனே, ஆணுறை எதற்கு என்கிறார் அவர்.

மாத்திரை கருவைத்தான் தடுக்கும், எச்.ஐ.வி.யையோ சிபிலிஸ் என்ற பால்வினை நோயையோ தடுக்காது என்று நேராகச் சொல்லிவிடு. அதற்கும் முகம் சுளித்தால், உன் உடம்பு உன்னுடையது, வேண்டாம் என்று எழுந்து வந்துவிடு தங்கச்சி.