பதிவான சங்கத்தோடு நிர்வாகம் பேச மறுக்கலாமா?

சங்கம் பதிவாகிவிட்டது, அப்புறமும் நிர்வாகம் பேச வரவில்லை, இது சட்டப்படி சரியா என்பது கேள்வி. பதிவு வேறு, அங்கீகாரம் (இந்தச் சங்கத்தோடு பேசுகிறேன் என்று முதலாளி ஏற்பது) வேறு. 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தில் பதிவுக்கு வழி இருந்தது. முதலாளி அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று அதில் இருக்கவில்லை.

பதிவுக்கே மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ வரக்கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. (பெயர் மட்டும்தான் சிக்கல் என்று நான் நம்பவில்லை.) விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது.

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு கொஞ்சம் கை கொடுக்கும். பல சங்கங்கள் இருந்தால், மஸ்டர் ரோலில் (தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) உள்ளவர்களில் குறைந்தது 51 சதவீத ஆதரவுள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம், அதாவது நிர்வாகம் பேச வேண்டிய சங்கம். இனி தகராறு அந்த எண்ணிக்கையில்தான் வரும். உறுப்பினர் பட்டியலையும் சந்தா ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள்.