ரோம லீஜியனில் எத்தனை வீரர்கள்? பழைய நூல்கள் ஏன் முரண்படுகின்றன?

ரோமப் படையின் பெரிய பிரிவான லீஜியனில் காலாட்படை வீரர்கள் 4,200 பேர் என்கிறார் வரலாற்றாசிரியர் பாலிபியஸ், 6,100 என்கிறார் போர்க்கலை நூலாசிரியர் வெஜிஷியஸ், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இருவரும் ஒரே படையைப் பற்றிப் பேசவில்லை. பாலிபியஸ் கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்காரர்; குடியரசுக் காலப் படையை விவரிக்கிறார். நெருக்கடி வந்தால் 5,000 பேர் வரை சேர்ப்பார்கள் என்று அவரே சொல்கிறார்.

வெஜிஷியஸ் வந்ததோ ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து. பல காலத்துப் பழைய நூல்களைக் கலந்துகட்டி, ‘அந்தக் காலத்துப் படையைப் பாருங்கள்’ என்று பேரரசருக்கே பாடம் எடுக்கிறார். அதனால் அவருடைய எண்களை அப்படியே நம்ப வேண்டாம்.

அதற்காக ஒரேயடியாகத் தூக்கிப் போடவும் முடியாது. லீஜியனின் பத்து உட்பிரிவுகளான கோஹார்ட்டுகளில் முதலாவது மற்றவற்றைவிடப் பெரியது என்கிறாரே, அதற்கு மண்ணுக்கடியில் சாட்சி கிடைத்தது. ஸ்காட்லாந்தில் உள்ள ‘இன்ச்டூதில்’ என்ற ரோமக் கோட்டை, கி.பி. 80களில் கட்டப்பட்டு சீக்கிரமே கைவிடப்பட்டது. பிற்காலத்துக் கட்டடங்கள் மேலே ஏறாததால் தரைப்படம் தெளிவாகக் கிடைத்தது. மற்ற ஒன்பது கோஹார்ட்டுகளுக்கும் தலா 6 வீரர் குடியிருப்புகள். முதலாவதுக்கு மட்டும் 10, கூடவே செஞ்சூரியன்கள் எனப்படும் சிறு பிரிவுத் தலைவர்களுக்கு 5 தனி வீடுகள்.

அப்புறம், ஹைஜினஸ் பெயரில் வழங்கும் பாசறை அமைப்பு நூலையும் பாருங்கள். கோஹார்ட்டுக்குள் இருக்கும் சிறு பிரிவான செஞ்சூரியாவுக்கு 80 பேர், கூடாரத்துக்கு 8 பேர். ஆனால் அடிப்பது 8 கூடாரம்தான், ஏனென்றால் 16 பேர் எப்போதும் காவலில் இருப்பார்கள். என்னைக் கேட்டால், இப்படி இடத்தை அளந்து எழுதியவரைத்தான் முதலில் நம்புவேன்.