உச்சி வெயிலில் வெள்ளைக் கொக்கு ஏன் வெளிறிப்போகிறது?

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் உச்சி வெயிலில் எடுத்த படங்களில், கொக்கின் இறகு சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறி விடுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கமராவின் ஒளிமானி தான் காணும் காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக்கொள்ளும். சட்டகத்தில் பெரும்பகுதி உழுத கருஞ்சேறாக இருப்பதால், அதை வெளுப்பாக்க ஒளியைக் கூட்டுகிறது, சிறிய வெள்ளைக் கொக்கு அதற்குப் பலியாகிறது.

தெளிந்த வெயிலின் அளவு அதிகம் மாறாது என்பதால், ஒளிமானியை விட்டுவிட்டு அளவுகளை நாமே வைக்கும் மனுவல் முறையில் எடுப்பதே என் தெரிவு. ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 200, எஃப்/16 (வில்லைத் துளையின் அளவு), ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு செக்கனில் 200இல் ஒரு பங்கு என்பது தெளிந்த வெயிலுக்கான பழைய கணக்கு. வெள்ளைப் பறவைக்கு ஒளியை ஒரு படி, அதாவது பாதியாக, குறைத்து 400இல் ஒரு பங்கு வையுங்கள். பறக்கும்போது துளையைப் பெரிதாக்கி எஃப்/8, நேரத்தைக் குறைத்து 1600இல் ஒரு பங்கு என மாற்றினாலும் ஒளி அதே அளவுதான். கொக்கு சேற்றிலிருந்து எழுந்து பனைகளுக்கு முன்னால் பறந்தாலும், அது வெயிலில் இருக்கும்வரை இந்த அளவை மாற்ற வேண்டியதில்லை. மேகம் மறைத்தால் மட்டும் திருத்துங்கள்.

வெயிலில் திரையின் வெளிச்சத்தை நம்ப முடியாது. நான் துவாயால் தலையை மூடிக்கொண்டு படத்தின் இருளை இடப்புறமும் வெளிச்சத்தை வலப்புறமும் காட்டும் வரைபான ஹிஸ்டோகிராமைப் பார்ப்பேன் (வயலில் நிற்பவர்கள் சிரிப்பார்கள்). வரைபு வலது ஓரத்தில் முட்டி நின்றால் இறகின் நுணுக்கம் போய்விட்டது என்று பொருள். கமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரோ கோப்பில் நிழலை ஓரளவு மீட்கலாம், முற்றாக வெளிறிய வெள்ளையை மீட்க முடியாது.