தனிஜெபமும் தேவனோடுள்ள உறவும்: ஒரு போதகரின் பதில்கள்

கேள்வி: ஐயா, கன்வென்ஷன் கூட்டங்களில் கண்ணீரோடு ஜெபித்தவள் நான். இப்போது முழங்கால்படியிட்டால் மனம் வறண்டு கிடக்கிறது. தேவன் என்னை விட்டு விலகிவிட்டாரா? (ஓர் ஆசிரியை)

பதில்: இல்லை, மகளே. கண்ணீர் தேவன் தரும் ஆறுதல்களில் ஒன்று. அதைக்கொண்டு அவருடைய அருகாமையை அளக்க நாம் பழகிக்கொண்டதுதான் இந்தப் பயத்திற்குக் காரணம் என்று நினைக்கிறேன். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளியானபோது, பல பத்தாண்டுகள் அவர் தேவனுடைய பிரசன்னத்தை உணராமலேயே ஜெபித்தும் ஏழைகளுக்கு ஊழியம் செய்தும் வந்தார் என்பதை உலகம் அறிந்து திகைத்தது. வேதத்தை வாசிப்பவர்கள் அப்படித் திகைக்கத் தேவையில்லை. 150 சங்கீதங்களில் பலவும் முறையீடுகளே. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிற 13-ஆம் சங்கீதமாவது துதியில் முடிகிறது. 88-ஆம் சங்கீதமோ கடைசி வசனம்வரை இருளிலேயே நிற்கிறது. ஆனாலும் அதைப் பாடியவர் முதல் வரியிலேயே தேவனைத் தம் இரட்சிப்பின் தேவன் என்று அழைத்துவிடுகிறார். பதில் தெரியாத நிலையிலும் யாரிடம் முறையிடுகிறோம் என்பதில் அவருக்குக் குழப்பமில்லை. ஆகவே, வராத கண்ணீரை வரவழைக்க முயலாதீர்கள். "ஆண்டவரே, மனம் வறண்டிருக்கிறது, உம்மைத் தேடவும் எனக்கு ஆசையில்லை" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அழகான வார்த்தைகளால் உண்மையை மூடி வைக்கிற நீண்ட ஜெபத்தைவிட, அந்த ஒரு வாக்கியம் உங்களை அவரிடம் நெருங்கச் செய்யும். சில வாரங்களுக்கு அந்த இரண்டு சங்கீதங்களையும் வாய்விட்டு வாசியுங்கள். உறக்கமின்மையோ உடல் சோர்வோ சேர்ந்திருந்தால் மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

கேள்வி: இரவுப் பணி முடிந்து நான் வீடு திரும்புவதே காலை எட்டு மணிக்குத்தான். அதிகாலை ஜெபம் இல்லாதவர்கள் தேவனோடு நெருங்க முடியாது என்கிறார்களே? (ஒரு செவிலியர்)

பதில்: இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்திற்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்லுகிறது. இரவு முழுவதும் ஜெபித்ததாகவும், ஜனங்களை அனுப்பிவிட்டு மாலையில் மலைக்கு ஏறியதாகவும் மற்ற இடங்களில் வாசிக்கிறோம். அவர் தனிமையைத் தேடினார், நேரத்தைச் சட்டமாக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் துறவற சபை மடத்தின் சமையலறையில் பல ஆண்டுகள் வேலை செய்த லாரன்ஸ் சகோதரர், பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும் ஆலயத்தில் முழங்கால்படியிட்டிருப்பதுபோலவே தேவனோடு இருக்கப் பழகினார். நோயாளியின் நாடி பார்க்கையில் அவருடைய பெயரைச் சொல்லி ஒரு வரி ஜெபியுங்கள். உறங்கி எழுந்தபின் கதவைச் சாத்திக்கொண்டு மாற்கு சுவிசேஷத்தில் ஒரு சிறு பகுதியை வாசியுங்கள். 16 அதிகாரங்கள்தான், அவசரம் வேண்டாம்.

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. ஆண்டு முடியப் போகிறது, வேலை கிடைக்கவில்லை. (வேலை தேடும் இளைஞர்)

பதில்: தம்பி, அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற உங்கள் அட்டையின் வார்த்தைக்கு முந்திய வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அதற்கும் முன்னே, அங்கேயே வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்ற கட்டளையும் இருக்கிறது. சுவரில் ஒட்டிய அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருந்தது, ஆனால் தேவன் பேசியது முழுக் கடிதத்தின் வழியாக. டிசம்பருக்குள் வேலை என்று அவர் வாக்களிக்கவில்லை. காத்திருக்கும் இடத்திலும் உங்களை மறக்கமாட்டார் என்கிறார். விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டே இருங்கள். நானும் உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

கேள்வி: மனதில் எழுகிற எண்ணம் தேவனுடைய சத்தமா, என் விருப்பமா என்று எப்படி அறிவது?

பதில்: அது வேதத்துக்கு முரணானால் அவருடையதல்ல. முரணில்லாவிட்டாலும், உங்களை நன்கு அறிந்த முதிர்ந்த விசுவாசி ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவரிடம் சொல்லத் தயங்குகிறீர்களானால், அந்தத் தயக்கத்தைக் கவனியுங்கள்.

கேள்வி: மகன் ஆலயத்திற்கு வருவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஜெபித்து ஓய்ந்துவிட்டேன், ஐயா. (ஒரு தாய்)

பதில்: அம்மா, ஆதித் திருச்சபையின் பெரிய போதகர்களில் ஒருவரான அகஸ்டினின் தாய் மோனிக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். மகன் ரோமுக்குக் கப்பலேறக் கூடாது என்று அவர் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் துறைமுகத்தருகே இரவெல்லாம் அழுது ஜெபித்தார். அந்த இரவிலேயே மகன் அவரை ஏமாற்றிவிட்டுப் புறப்பட்டான். ஆனால் அந்தப் பயணம்தான் அவனை மிலான் நகரத்து ஆயர் அம்புரோசிடம் கொண்டுசேர்த்தது. 387-இல் அவரே அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். தாய் கேட்டதைத் தேவன் மறுத்தது, அந்த வேண்டுதலுக்குள் இருந்த ஆசையை நிறைவேற்றுவதற்காகவே என்று அகஸ்டின் பிற்காலத்தில் உணர்ந்து எழுதினார். உங்கள் மகனுக்கும் அப்படியே நடக்கும் என்று நான் உறுதி கூறத் துணியமாட்டேன். அவனைப் பற்றித் தேவனிடம் பேசுகிற அளவுக்கு, தேவனைப் பற்றி அவனிடம் வாதாடாதிருங்கள். அவன் வரும்போது சாப்பாடு போட்டு, அவன் பேசுவதைக் கேளுங்கள்.

கேள்வி: பாகப்பிரிவினைத் தகராறில் அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் அவர் முகமே முன்னால் வருகிறது.

பதில்: அதைக் கவனச் சிதறல் என்று தள்ளாதீர்கள், சகோதரரே. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லுகிறார். நிலத்தை விட்டுக்கொடுக்கும்படி நான் சொல்லவில்லை; நியாயமான பங்கைப் பெரியவர்கள் முன்னிலையிலோ நீதிமன்றத்திலோ கேட்கலாம். ஆனால் அண்ணன் வீட்டுக்கு நேரில் போங்கள், வழக்கைப் பற்றிப் பேசாமல் அவருடைய உடல்நலத்தை விசாரித்துவிட்டு வாருங்கள். அவர் கதவைத் திறக்காவிட்டால், திரும்பி வந்து அதையே தேவனிடம் சொல்லுங்கள்.