எம்.எல்.ஏ. சொன்ன மூன்று மசோதா

கேள்வி: எங்கள் எம்.எல்.ஏ. போன வாரம் ஏலக்கூடத்துக்கு வந்து, வரப்போகிற கூட்டத்தொடரில் மூன்று மசோதா கொண்டுவரப் போகிறேன் என்று மைக்கில் சொன்னார். கச்சத்தீவை மீட்க ஒன்று, இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கிற இரட்டை மடியைத் தடை செய்ய ஒன்று, மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தை இரண்டு மடங்காக்க ஒன்று. அவர் ஆளுங்கட்சிகூட இல்லை. தனி ஒருத்தர் சட்டம் கொண்டுவர முடியுமா? இதில் எது நடக்கும்? நான் கடல் பாசி எடுக்கிறவள். தீவுப் பக்கம் போனால் விரட்டுகிறார்கள். எங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, சின்னப்பாலம், பாம்பன்)

பதில்: முடியும், சகோதரி. அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும், எந்தக் கட்சியாக இருந்தாலும், மசோதா கொடுக்கலாம். தனிநபர் மசோதா என்பார்கள். ஆனால் அரசின் ஆதரவு இல்லாமல் அது தேறுவது அபூர்வம், கையில் ஓட்டு இருக்கிறவர்கள் அவர்கள்தானே. அதற்காக வீண் வேலை என்று தள்ளிவிடவும் வேண்டாம். தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா தனி உறுப்பினராகக் கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது, அதற்கு முன் பல பத்தாண்டுகளாக அப்படி ஒன்று நடந்ததே இல்லை. மக்களவையைத் தாண்டவில்லைதான், ஆனால் 2019-ல் அரசே இதற்கு ஒரு சட்டம் கொண்டுவர வேண்டி வந்தது.

சரி, உங்கள் எம்.எல்.ஏ. சொன்னதற்கு வருவோம்.

கச்சத்தீவுக்கு மாநிலத்தில் மசோதாவே போட முடியாது. 1974-லும் 1976-லும் இரண்டு நாடுகள் போட்ட ஒப்பந்தம் அது, வெளிநாட்டு உடன்படிக்கை முழுக்க டெல்லியின் கையில் இருக்கிறது. சட்டமன்றம் செய்யக்கூடியது தீர்மானம், அதை 2025 ஏப்ரலில் ஏற்கெனவே நிறைவேற்றி அனுப்பிவிட்டார்கள். தீர்மானம் வேறு, சட்டம் வேறு என்று தெரிந்தும் ஏலக்கூடத்தில் நின்று மசோதா என்று சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை, அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பிள்ளையை இலங்கைச் சிறையில் விட்டுவிட்டு வந்தவர்கள் இருந்திருப்பார்கள்.

இரட்டை மடிக்கு ஏற்கெனவே தடை இருக்கிறது. இருந்தும் வலை இறங்குகிறது என்றால் குறை தடையில் இல்லை, மீறுகிறவர்களைப் பிடித்துத் தண்டிக்கிற இடத்தில் இருக்கிறது. இங்கே அவர் உண்மையிலேயே ஒன்று செய்யலாம். கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் அதிகாரம், 1983-ஆம் வருஷத்துக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் நம்முடையது. தப்பு செய்கிற படகுக்கு உறைக்கிற மாதிரி தண்டனையைக் கூட்டி, அந்தச் சட்டத்துக்குத் திருத்தம் கொடுக்கட்டும். மூன்றில் இது ஒன்றுதான் மசோதாவாகப் போக வேண்டியது.

நிவாரணம் பணச் சமாச்சாரம். அரசு கஜானாவிலிருந்து செலவு வைக்கிற மசோதாவை ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் அவை நிறைவேற்ற முடியாது, அது அரசு வழியாகத்தான் வரும், தனி உறுப்பினர் கேட்டுக் கிடைக்காது. அதற்கு மசோதாவும் தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்கு 5,000 ரூபாயாக இருந்தது 8,000 ஆனது, 2023 ஆகஸ்டில் நம் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்ததால்தான். மீன்வளத் துறை தன் செலவுக்கு அவையிடம் பணம் கேட்கிற மானியக் கோரிக்கை வருகிற அன்று எழுந்து நின்று கேட்டால் போதும்.

இப்போது நீங்கள். கடிதத்தின் கடைசி வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுக்கிற வேலை, துணி நைந்தால் பாறை விரலைக் கிழித்துவிடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் தேசியப் பூங்கா ஆனதும், பாட்டி காலத்திலிருந்து போன இடமே அத்துமீறல் ஆகிவிட்டது. பவளப்பாறையைக் காப்பாற்ற வேண்டும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நம் 1983 சட்டம் படகை வைத்து எழுதப்பட்டது, படகுக்குச் சொந்தக்காரியாக இல்லாமல் கையால் எடுக்கிறவளை அது கணக்கில் வைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தீவுப் பூங்கா 1972-ஆம் வருஷத்து மத்திய வனவிலங்குச் சட்டத்துக்குள் வருகிறது. உங்களை அங்கே பாசி எடுக்க விடுகிற மாதிரி அதோடு முட்டுகிற மாநிலச் சட்டம் செல்ல வேண்டுமென்றால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்க வேண்டும். ஜல்லிக்கட்டுக்கு 2017-ல் அப்படித்தான் வாங்கினார்கள். அப்போது மெரினாவில் மாநிலமே திரண்டு நின்றது, உங்களுக்கு அந்தக் கூட்டம் இல்லை, அதனால் இதற்கு நாள் பிடிக்கும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். சட்டமன்றத்தில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது, பொதுமக்கள் நேராகவே எழுதலாம். பாசி எடுக்கிற நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதுங்கள். எந்தப் பாசி, எந்த மாதம், எந்தத் தீவுக்குப் பக்கம், மாதத்தில் எத்தனை நாள், தடைக்காலத்தில் எதை வைத்துச் சாப்பிடுகிறீர்கள், எல்லாம் இருக்கட்டும். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து என்று நீங்கள் சொல்கிற பெயரிலேயே எழுதுங்கள். நகல் ஒன்றை எம்.எல்.ஏ. கையில் கொடுத்து, கேள்வி நேரத்தில் இதைக் கேளுங்கள் என்று சொல்லுங்கள். கேள்விக்கு முன்கூட்டியே எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும், அதனால் கூட்டத்தொடர் தேதி வருகிற வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்க் கொடுத்துவிடுங்கள்.